ஆறடிச் சுவரில் ஒரு ஷண்டிங் யார்டு: எந்த பிளான் போடலாம்?

வீட்டில் மாடல் ரயில் வைக்க ஆசைதான், ஆனால் இடம் இல்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் வட்டமாகச் சுற்றிவரும் ரயிலை மனதில் வைத்துக்கொண்டுதான் சொல்கிறார்கள். அதற்கு இடம் இல்லை என்பது உண்மை. ஹெச்ஓ ஸ்கேலில், அதாவது நிஜத்தின் 87-ல் ஒரு பங்கு அளவில், 18 அங்குல ஆரத்தில் தண்டவாளம் திரும்பி வரவேண்டும் என்றால் பலகையே ஒரு மீட்டர் அகலம் வேண்டும், நீளம் அதற்கு மேல். நடுத்தரமான ஃப்ளாட்டில் அதை வைத்தால் ஓர் அறை போய்விடும். அப்படி வைத்தாலும் ரயில் சுற்றுகிறது, சுற்றுகிறது, பத்து நிமிடத்தில் பார்க்கிறவர் எழுந்து போய்விடுகிறார். ஷண்டிங் லேஅவுட்டுக்கு, அதாவது வேகன்களைப் பிரித்து அடுக்கும் மாடல் யார்டுக்கு, ஒரு சுவரும் ஒரு அடி ஆழமுள்ள பலகையும் போதும். ஓட்டும்போது கையும் மூளையும் சும்மா இருக்காது.

அரக்கோணத்திலோ ஜோலார்பேட்டையிலோ ரயில் நிற்கும்போது ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். ஒரு என்ஜின் நாலைந்து வேகனை இழுத்துக்கொண்டு முன்னால் வரும், நிற்கும், லைனைப் பிரிக்கும் பாயின்ட் மாறும், பின்னால் தள்ளிக்கொண்டு வேறு லைனில் போகும், இரண்டைக் கழற்றி விட்டுவிட்டு மறுபடி வரும். பாயின்ட்ஸ்மேன் படியில் நின்றபடி கொடி காட்டுவார். எனக்கு எக்ஸ்பிரஸ் ரயில்களைவிட அந்த வேலைதான் சிறுவயதிலிருந்து பிடிக்கும். அதைத்தான் வீட்டில் செய்யப்போகிறோம்.

எங்கள் ஹாலில் பால்கனிக் கதவுக்கும் புத்தக அலமாரிக்கும் நடுவே 183 செ.மீ. சுவர் காலியாக இருந்தது, கணக்காக ஆறடி. அதில் என்ன போடுவது என்று பார்த்தபோது மூன்று பிளான்கள் மிஞ்சின. ஒன்று இங்கிள்நுக், இரண்டாவது டைம்சேவர், இரண்டும் ஷண்டிங் புதிர்கள். மூன்றாவது நிஜமான ஒரு தொழிற்சாலைக்குப் போகும் சைடிங், அதாவது பக்கத்தில் பிரிந்து போய் முடியும் லைன். மூன்றையும் காகிதத்தில் வரைந்து, இரண்டைத் தரையில் தண்டவாளம் போட்டு ஓட்டியும் பார்த்துவிட்டுத்தான் முடிவுக்கு வந்தேன். இதே கேள்வியோடு இருப்பவர்களுக்கு அந்தக் கணக்குகளை அப்படியே தருகிறேன்.

முதலில் வேகனை அளந்துவிடுங்கள்

பிளான் பார்ப்பதற்கு முன்னால் உங்களிடம் இருக்கும், அல்லது வாங்கப்போகும், வேகனின் நீளம் தெரிந்திருக்க வேண்டும். சின்ன லேஅவுட்டில் எல்லாமே வேகன் கணக்குதான், அடிக்கணக்கு அப்புறம்தான் வரும்.

அமெரிக்க நாற்பதடி பாக்ஸ் கார் (மூடிய வேகன், அங்கே வேகனைக் கார் என்பார்கள்) ஹெச்ஓவில் 14 செ.மீ. வரும். கப்ளர், அதாவது வேகன்களை இணைக்கும் கொக்கி, மாட்டி வரிசையாக நிறுத்தினால் ஒன்றுக்கு 15 செ.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். ஐம்பதடி கார் என்றால் 19 செ.மீ. பிரிட்டிஷ் ஓஓ ஸ்கேலின் பழைய நான்கு சக்கர வேகன் 9 செ.மீ.தான் எடுத்துக்கொள்ளும். தண்டவாள அகலம் ஹெச்ஓ, ஓஓ இரண்டுக்கும் அதே 16.5 மி.மீ., பாயின்ட்டும் அதே பாயின்ட், ஆனால் வேகன் மாறினால் ஒரே பிளானுக்குத் தேவைப்படும் சுவர் எவ்வளவு மாறுகிறது என்பதைக் கீழே பார்ப்பீர்கள்.

என்ஜினையும் அளக்க வேண்டும். சின்ன லேஅவுட்டுக்கு ஏற்ற அமெரிக்க என்ஜின் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் 44 டன் டீசல். அது ஏன் 44 டன் என்பதற்கு ஒரு கதை உண்டு. 1937-ல் அமெரிக்க ரயில்வேக்களும் தொழிற்சங்கங்களும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, சக்கரங்களின் மேல் 90,000 பவுண்டுக்கு மேல் எடையுள்ள டீசலில் டிரைவரோடு ஒரு ஃபயர்மேனும் இருந்தாக வேண்டியிருந்தது. 44 டன் என்பது 88,000 பவுண்டு, அதாவது ஒருவர் மட்டும் ஓட்டக்கூடிய எல்லைக்குச் சற்று உள்ளே. அந்த ஒரு விதியால் பிறந்த குட்டி என்ஜின் ஹெச்ஓவில் 12 செ.மீ.க்கும் குறைவு, கப்ளரோடு 13. இன்னொன்று எஸ்டபிள்யூ1500, 1966-லிருந்து வந்தது, கப்ளரோடு 17 செ.மீ. இந்த நாலு செ.மீ. வித்தியாசம் என்னை ஒருமுறை நன்றாக மாட்டிவிட்டது, அதையும் சொல்கிறேன்.

இந்திய ரயில் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். நம் பிராட் கேஜ் 1676 மி.மீ., அதை 87-ஆல் வகுத்தால் 19 மி.மீ.க்குச் சற்று மேல் வருகிறது. கடையில் கிடைக்கும் 16.5 மி.மீ. தண்டவாளத்தில் வைத்தால் அகலம் குறைந்துதான் தெரியும். தமிழ்நாட்டின் பழைய மீட்டர் கேஜுக்கு 12 மி.மீ. தண்டவாளம் ஏறக்குறையப் பொருந்தும், ஆனால் வேகனையெல்லாம் நாமே செய்ய வேண்டும். அது என் நெடுநாள் ஆசை, தனி வேலை. முதல் லேஅவுட்டுக்கு, மாட்டவும் கழற்றவும் நம்பகமான கப்ளர் உள்ள அமெரிக்க வண்டிகளை எடுத்துக்கொண்டேன்.

இங்கிள்நுக்

இது ஆலன் ரைட் என்ற ஆங்கிலேயர் உருவாக்கியது. அவருக்கு முன்மாதிரி நார்தம்பர்லாந்தில் ஆல்னிக்கிலிருந்து கார்ன்ஹில்லுக்குப் போன கிளைப்பாதையில் இருந்த கில்ஹம் என்ற சின்ன சைடிங். 1887-ல் திறந்த பாதை அது, 1930-லேயே பயணிகள் ரயில் நின்றுவிட்டது. ஆள் நடமாட்டமே குறைவான அந்த இடத்திலிருந்து எடுத்த அமைப்பு இன்று உலகம் முழுக்க அலமாரிப் பலகைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அமைப்பு இவ்வளவுதான்: இரண்டு பாயின்ட், மூன்று சைடிங். ஒரு சைடிங்கில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. எதிர்ப்பக்கம் முட்டி நிற்கும் ஒற்றை லைனில் என்ஜினும் மூன்று வேகனும் மட்டும் நிற்கும். அந்த லைனை நம் ரயில்வேயில் ஷண்டிங் நெக் என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். மொத்தம் எட்டு வேகன். எட்டுக்கும் சீட்டு எழுதி டப்பாவில் போட்டுக் குலுக்கி ஐந்தை எடுக்க வேண்டும். எடுத்த வரிசையிலேயே அந்த ஐந்தும் நீள சைடிங்கில் ரயிலாக நிற்க வேண்டும்.

கேட்டால் குழந்தை விளையாட்டு மாதிரி இருக்கும். எட்டிலிருந்து ஐந்தை வரிசையோடு எடுக்க 6,720 வழிகள் இருக்கின்றன, அதனால் வருடக்கணக்கில் ஆடினாலும் அதே கணக்கு திரும்பி வருவது அபூர்வம். உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தால்தான் இறுக்கம் புரியும். முதலில் வேண்டிய வேகன் நீள சைடிங்கின் கடைசியில், லைன் முடியும் இடத்துத் தடுப்பான பஃபரை ஒட்டி மாட்டியிருக்கும். அதை எடுக்க முன்னால் இருக்கும் நாலையும் வெளியே கொண்டுவர வேண்டும், ஆனால் நெக்கில் மூன்றுக்கு மேல் நிற்காது. சரி, இரண்டை இழுத்துப் பக்கத்து சைடிங்கில் போடலாம் என்றால் அங்கே ஏற்கெனவே மூன்று நிற்கிறது. ஒரு வேகனை நகர்த்த நாலு வேகனுக்கு இடம் தேட வேண்டும். ஒரு சீட்டு இருபது நிமிடத்தில் முடியும், இன்னொன்று முக்கால் மணி நேரம் இழுக்கும்.

இப்போது சுவர் கணக்கு. நாற்பதடி கார், 44 டன் என்ஜின். நெக்கில் என்ஜினுக்கு 13, மூன்று காருக்கு 45, பஃபரோடு உரசாமல் இருக்க 2, ஆக 60 செ.மீ. பாயின்ட் 18.5. பக்கத்து லைனில் நிற்கும் வேகனோடு இடிக்காத தூரம், அதாவது ஃபவுலிங் மார்க் வரை, இன்னொரு 10. அப்புறம் ஐந்து காருக்கு 75, கடைசியில் 2. கூட்டினால் 166 செ.மீ.யைத் தாண்டவில்லை, ஆறடியில் இடம் மிச்சம். இதையே ஐம்பதடி காரும் பெரிய என்ஜினும் வைத்துப் போட்டால் இரண்டு மீட்டர் ஆகிவிடும், என் சுவரில் நிற்காது. ஓஓவின் நான்கு சக்கர வேகன் வைத்துப் போட்டால் 120 செ.மீ.க்குள், நாலடியில் முடிந்துவிடும். அதனால்தான் இந்த பிளான் இங்கிலாந்தில் பிறந்தது இயல்பு என்று எனக்குத் தோன்றுகிறது, அவர்களுடைய குட்டி வேகன்களுக்கே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும்.

சுவர் நாலடிதான், அமெரிக்க வண்டிகள்தான் வேண்டும் என்றால் மூன்று, இரண்டு, இரண்டு என்று சைடிங்கைச் சுருக்கலாம், ஏறக்குறைய நாலடியில் அடங்கும். வேகன் ஐந்து, எடுக்க வேண்டியது மூன்று. வழிகள் 60-தான். சில வாரங்களில் கை தானாகச் செய்ய ஆரம்பித்துவிடும், அதனால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன், ஏழு வயதுப் பிள்ளைக்கு என்றால் தாராளமாகப் போடலாம்.

அந்த நாலு செ.மீ. விஷயம் இங்கேதான் வருகிறது. முதல் பலகையை நான் 44 டன் என்ஜினுக்கு அளந்து 60 செ.மீ. நெக்கோடு அறுத்து ஒட்டிவிட்டேன். ஆறு மாதம் கழித்து எஸ்டபிள்யூ1500 வாங்கினேன். மூன்று வேகனை இழுத்துக்கொண்டு நெக்கின் கடைசி வரை போய் நின்றது, பார்த்தால் மூன்றாவது வேகனின் பின்சக்கரம் பாயின்ட் நாக்கின் மேலேயே நிற்கிறது. பாயின்ட்டை மாற்ற முடியாது. மாற்ற முடியாவிட்டால் விளையாட்டே இல்லை. ஒட்டிய தண்டவாளத்தைப் பெயர்த்தெடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. சைடிங்கில் ஒரு சென்டிமீட்டர் குறைந்தால் ஒரு வேகன் சற்றே நெருங்கி நிற்கும், அவ்வளவுதான். நெக்கில் குறைந்தால் மொத்தமும் செத்துவிடும். இப்போது என் நெக் 65 செ.மீ., நீளமான என்ஜினுக்கு அளந்தது. சின்ன என்ஜின் ஓட்டும்போது நாலாவது வேகன் திருட்டுத்தனமாக உள்ளே வருமா என்றால் வராது, அதற்கு 15 செ.மீ. வேண்டும், ஆகவே விளையாட்டின் இறுக்கமும் கெடவில்லை.

டைம்சேவர்

கலிபோர்னியாவின் மான்டெரேயில் இருந்த ஜான் ஆலன் பெயரை இந்தத் துறையில் எல்லோரும் மரியாதையோடுதான் சொல்வார்கள். அவருடைய பெரிய லேஅவுட் வேறு, அதை இங்கே பேசவில்லை. 1972 நவம்பரில் மாடல் ரெயில்ரோடர் பத்திரிகையில் அவர் கொடுத்த சின்ன புதிர்தான் டைம்சேவர். அடுத்த ஜனவரியில் அவர் காலமாகிவிட்டார். ஐந்து பாயின்ட், நடுவில் என்ஜின் சுற்றிவர ஒரு இணைலைன், இரண்டு பக்கமும் பார்த்தபடி குட்டை குட்டையான சைடிங்கள். வேகன்கள் அததற்கான இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். கூட்டங்களில் போட்டியாகவும் நடத்தியிருக்கிறார்கள்.

புதிராகப் பார்த்தால் இது இங்கிள்நுக்கைவிடக் கடினம், காரணம் அந்த இணைலைன்தான். ஒரு பக்கம் பார்த்த சைடிங்கில் வேகனைத் தள்ள என்ஜின் ஒரு முனையில் இருக்க வேண்டும், எதிர்ப்பக்கம் பார்த்ததில் தள்ள மறு முனையில் இருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் சுற்றிப் போய் மாட்ட வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து, ஒருவர் ஓட்ட ஒருவர் பாயின்ட் மாற்ற என்று ஆடினால் நன்றாகப் பொழுது போகும். நண்பர்கள் அடிக்கடி வரும் வீடு என்றால் இதற்கு என் ஓட்டு உண்டு.

எனக்கு ஏன் சரிப்படவில்லை என்றால் இரண்டு காரணம். முதலாவது இடம். இணைலைனில் மூன்று கார் நிற்க வேண்டும் என்று வையுங்கள். 45 செ.மீ. வேகனுக்கு, இரண்டு முனையிலும் ஃபவுலிங் மார்க்குக்குப் பத்துப் பத்து, இரண்டு பாயின்ட்டுக்கு 37. ஒரு மீட்டருக்கு மேல் அங்கேயே போய்விட்டது. மிச்சமிருக்கும் 80 செ.மீ.யை இரண்டு முனைக்கும் பங்கு போட்டால் ஒவ்வொரு பக்கமும் என்ஜினும் ஒரு காரும் நிற்கலாம், கொஞ்சம் மூச்சுவிட இடம் இருக்கும். ஆறடிப் பலகை முழுக்கத் தண்டவாளமும் பாயின்ட்டுமாகிவிடும், ஒரு கட்டடம் வைக்க இடம் இருக்காது. பாயின்ட் ஐந்து என்பதால் செலவும் இரண்டரை மடங்கு, கெட்டுப்போக வாய்ப்புள்ள இடங்களும் இரண்டரை மடங்கு.

இரண்டாவது காரணம் கடிகாரம். நிஜ ரயில்வேயில் வேகனை மாட்டும் வேகம் மணிக்கு நாலு மைலுக்கு உட்பட்டது, மனிதன் வேகமாக நடக்கும் வேகம். அதை ஹெச்ஓவுக்குக் குறைத்தால் நொடிக்கு இரண்டு செ.மீ. என் ஆறடிச் சுவரை ஒரு முனையிலிருந்து மறுமுனை கடக்க ஒன்றரை நிமிடம் ஆகும். அந்த வேகத்தில் என்ஜின் நகர்வதைக் கண் அருகே வைத்துப் பார்த்தால்தான் அதன் எடை தெரிகிறது. கடைசி ஒரு செ.மீ. இன்னும் மெதுவாக வந்து, கப்ளர்கள் தொட்டு, டிக் என்று பூட்டும், நின்றிருந்த வேகன் ஒரு மயிரிழை பின்வாங்கி நிற்கும். கடிகாரம் வைத்து ஆடும்போது யாரும் இதைப் பார்ப்பதில்லை, எல்லோரும் வேகத்தைக் கூட்டி ஓட்டுகிறார்கள், வேகன்கள் படார் படார் என்று மோதுகின்றன. நான் இந்தப் பலகையை வைத்ததே அந்த ஒரு செ.மீ.க்காகத்தான்.

தொழிற்சாலை சைடிங்

மூன்றாவது வழி புதிரே இல்லாதது. ஒரு லைன், ஒன்றோ இரண்டோ பாயின்ட், ஒரு கிடங்கு, அதில் மூன்று கதவுகள். இந்தக் கார் முதல் கதவுக்கு, அந்தக் கார் மூன்றாவது கதவுக்கு. இரண்டாவது கதவில் ஏற்கெனவே சரக்கு இறங்கிக்கொண்டிருக்கும் காரை எடுத்தால்தான் உள்ளே போக முடியும், வேலை முடிந்ததும் அதை அதே கதவில் திரும்ப நிறுத்தியாக வேண்டும். கேட்டைத் திறப்பதற்கு நின்று, சாலையைக் கடக்கும் இடத்தில் ஆள் இறங்கிக் கொடி காட்ட நின்று, ஆள் வேகன் நடுவே போகும் முன் டிரைவர் பிரேக் போட்டு திசை மாற்றும் பிடியான ரிவர்சரை நடுவில் வைத்து ஜெனரேட்டரைத் துண்டிக்க நின்று, கை பிரேக் சுற்ற நின்று, இப்படி நிஜத்தில் ஆகும் நேரத்தையெல்லாம் கொடுத்து ஓட்டினால் இரண்டு காரை மாற்ற நாற்பது நிமிடம் ஆகும். முப்பதாண்டு ரயில்வேயில் வேலை பார்த்த என் பெரியப்பா பையன் ஒருமுறை பார்த்துவிட்டு, "தம்பி, பேப்பர்ல கையெழுத்து வாங்க மறந்துட்டியே" என்றார். இந்த பிளானை ரசிப்பவர்கள் அப்படிப்பட்டவர்கள்.

பார்வைக்கு இதுதான் மிக அழகு. தண்டவாளம் குறைவு, காலி மண், வேலி, புல், சுவரை ஒட்டி ஒரு கிடங்கின் முகப்பு. இடப் பற்றாக்குறையை மறைக்க வேண்டியதில்லை, நிஜத்திலும் அப்படித்தான். நியூயார்க் துறைமுகத்தைச் சுற்றி நிலத்தின் விலை அப்படி, அதனால் ஒரு தெருவுக்குள் அடங்கும் யார்டுகள் இருந்தன, வெளி உலகத்தோடு தண்டவாள இணைப்பே இல்லாமல் வேகன்கள் மிதவையில் ஏறி ஆற்றைக் கடந்து வந்தன. சென்ட்ரல் ரெயில்ரோடு ஆஃப் நியூ ஜெர்சியின் 1000 எண் டீசல், வணிக ரீதியில் முதலில் வெற்றி பெற்ற டீசல்-எலெக்ட்ரிக் என்று போற்றப்படுவது, 1925-ல் போய்ச் சேர்ந்த இடம் அப்படியொரு யார்டுதான், பிராங்ஸில். 1957 வரை அங்கேதான் ஷண்டிங் செய்தது, இன்று பால்டிமோர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அந்த மிதவை யோசனை நமக்கும் உதவும். பலகையின் ஓரத்தில் கழற்றி மாட்டும் ஒரு தட்டு, அதில் மூன்று வேகன். தட்டை மாற்றினால் புது வேகன்கள் வந்துவிட்டன. வேகன் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குச் சின்ன லேஅவுட்டில் இதைவிட நேர்மையான பதில் கிடையாது.

குறை என்னவென்றால் பிள்ளைகளுக்கு இது பிடிபடாது. ஓட்டுகிறவருக்கும் ரயில்வே நடைமுறை மேல் ஆசை இருந்தால் தவிர மூன்றாவது வாரத்தில் அலுக்கும்.

நான் கடைசியில் போட்டது இங்கிள்நுக்கின் தண்டவாளம், தொழிற்சாலையின் உடை. மூன்று வேகன் நிற்கும் இரண்டு சைடிங்கில் ஒன்றின் ஓரம் கிடங்கு, கதவுகளோடு. மகள் ஆடும்போது சீட்டுக் குலுக்கல், நான் தனியாக ஓட்டும்போது கதவுக் கணக்கு. இரண்டு பாயின்ட்டில் இரண்டு ஆட்டமும் கிடைக்கிறது. மூன்று பிளானில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்று யாராவது கட்டாயப்படுத்தினாலும் இங்கிள்நுக் என்றுதான் சொல்வேன், ஏனென்றால் அதற்கு மேல் தொழிற்சாலையைப் போர்த்த முடியும், டைம்சேவருக்கு மேல் எதையும் போர்த்த முடியாது.

என் (N) ஸ்கேலா, ஹெச்ஓவா

என் ஸ்கேலில், 160-ல் ஒரு பங்கு, இதே பிளான் ஒரு மீட்டருக்குள் முடிந்துவிடும். இடம் மட்டும்தான் பிரச்சினை என்றால் அதுதானே சரி என்று நானும் நினைத்தேன். ஷண்டிங்குக்கு அது சரியில்லை என்பது கையில் எடுத்த பிறகுதான் தெரிந்தது. அமெரிக்க மாடல் ரயில் சங்கத்தின் பரிந்துரைப்படி ஹெச்ஓ நாற்பதடி கார் ஏறக்குறைய 106 கிராம் இருக்க வேண்டும், என் ஸ்கேலில் அதே கார் 27 கிராம். 27 கிராம் வேகனைக் கழற்ற அதன் கப்ளரில் குச்சியை வைத்தால் வேகனே நகர்ந்து போகிறது, தண்டவாளத்தில் தூசி இருந்தால் என்ஜின் நின்றுவிடுகிறது. ஓடிக்கொண்டே இருக்கும் ரயிலுக்கு என் ஸ்கேல் அருமை, நின்று நின்று போகும் ரயிலுக்கு ஹெச்ஓ.

கப்ளர் கழற்றுவதைப் பற்றி ஒரு வார்த்தை. கேடீ நிறுவனத்தின் ஐந்தாம் எண் கப்ளரைத் தண்டவாளத்துக்கு நடுவே காந்தம் வைத்துக் கழற்றலாம், ஆனால் எதிர்பாராத இடத்திலும் கழன்றுவிடும். வெளிநாட்டில் மூங்கில் குச்சியைச் சீவி வைத்துக்கொள்கிறார்கள். நான் விளக்குமாற்றிலிருந்து தடித்த ஈர்க்குச்சி ஒன்றை உருவி, அடிமுனையை பிளேடால் சீவித் தட்டையாக்கி, திருப்புளி முனை மாதிரி செய்து வைத்திருக்கிறேன். இரண்டு கப்ளரின் விரல்களுக்கு நடுவே மேலிருந்து விட்டுக் கால் சுற்றுத் திருகினால் திறந்துவிடும். அதிகமாக அழுத்தினால் குச்சி வளையுமே தவிர கப்ளர் உடையாது. காந்தத்துக்குச் செலவும் இல்லை, பாயின்ட்ஸ்மேன் வேலையும் நம் கையில்.

பாயின்ட், மின்சாரம், பலகை

பாயின்ட் வாங்கும்போது பெக்கோ நிறுவனத்தின் செட்டிராக் வகைக்கும் ஸ்ட்ரீம்லைன் வகைக்கும் நடுவே குழப்பம் வரும். செட்டிராக் விலை குறைவு, நீளம் 16.8 செ.மீ. ஸ்ட்ரீம்லைன் சிறியது 18.5. இரண்டு செ.மீ.கூட மிச்சமாகாத இடத்துக்காக 438 மி.மீ. ஆரத்தின் கூர்மையான வளைவை வாங்குகிறோம், அது 22.5 டிகிரியில் திரும்பும், தள்ளிக்கொண்டு போகும்போது வேகன் தடம் புரளும். ஸ்ட்ரீம்லைன் சிறியது 610 மி.மீ. ஆரம், 12 டிகிரிதான் திரும்பும், பக்கத்து லைனும் 5 செ.மீ. தள்ளி அழகாக வரும். தயங்காமல் இதை எடுங்கள். நடுத்தர அளவு இன்னும் நன்றாக இருக்கும், ஆனால் பாயின்ட்டுக்கு மூன்றரை செ.மீ. கூடும், ஆறடியில் அது நெக்கிலிருந்து போகும்.

மோட்டார் வைத்துப் பாயின்ட் மாற்ற வேண்டியதில்லை. இந்தப் பாயின்ட்களுக்குள்ளேயே ஸ்பிரிங் இருக்கிறது, விரலால் தள்ளினால் டக் என்று போய் நிற்கும். பலகை கைக்கெட்டும் தூரம்தான்.

நாலு சக்கரத்தில் மட்டும் கரண்ட் எடுக்கும் குட்டி என்ஜின், பாயின்ட்டின் நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் பகுதியைக் கடக்கும்போது நின்றுவிடும். அதனால் கரண்ட் போகும் உலோகப் பகுதி உள்ள பாயின்ட்டைக் கேட்டு வாங்குங்கள், என்ஜினிலும் எல்லாச் சக்கரமும் கரண்ட் எடுக்கிறதா என்று பாருங்கள். சாதாரண டிசி மின்சாரமா, டிசிசி என்ற டிஜிட்டல் கட்டுப்பாடா என்ற சண்டையில் நான் அதிகம் இறங்கவில்லை. ஒரே என்ஜின்தான் ஓடும் லேஅவுட்டுக்குச் சாதாரண டிசி கன்ட்ரோலரே போதும், நல்லதாக ஒன்று வாங்கினால் நொடிக்கு இரண்டு செ.மீ. வேகம் கிடைக்கும். காசு இருந்தால் டிசிசியும், என்ஜினுக்குள் கரண்ட் சேமிக்கும் கெப்பாசிட்டரும், சத்தமும் சேர்த்துக்கொள்ளலாம். பிரேக் காற்று சீறும் சத்தம் கேட்டபிறகு திரும்பிப் போக மனம் வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பலகைக்கு 12 மி.மீ. பிளைவுட், ஐஎஸ் 710 முத்திரை உள்ளதாக. எம்டிஎஃப் வேண்டாம். ஐப்பசி கார்த்திகை மழையில் சென்னைக் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு அது ஓரத்தில் உப்பும், உப்பினால் தண்டவாள இணைப்பு தூக்கிக்கொள்ளும். பிளைவுட்டாக இருந்தாலும் அறுத்த விளிம்புகளுக்கு இரண்டு கோட் பிரைமர் அடித்துவிடுங்கள். தண்டவாளத்துக்கு அடியில் ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் ஈவா ஃபோம் ஷீட்டை வெட்டி ஒட்டினேன், சத்தம் பாதியாகிவிட்டது.

சுவர் தேர்ந்தெடுக்கும்போது சமையலறையிலிருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள். தாளிக்கும் எண்ணெய்ப் புகை கண்ணுக்குத் தெரியாமல் வந்து தண்டவாளத்தில் படியும், மேலே ஃபேன் தூசியைக் கொண்டுவந்து ஒட்டும், ஒரு மாதத்தில் கறுப்பாகத் துணியில் வரும். எங்கள் ஹால் சமையலறைக்கு நேரே. அதனால் பலகை முழுவதையும் மூடும்படி பழைய வேட்டியைத் தைத்து உறை செய்து வைத்திருக்கிறோம், ஓட்டும் முன் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் ஒரு தடவை துடைத்தால் போதும்.

உயரம்தான் கடைசியாக முடிவானது. 130 செ.மீ. எனக்குச் சரி, வேகன் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வரும், பக்கத்திலிருந்து பார்த்தால் நிஜ யார்டு மாதிரி இருக்கும். ஒன்பது வயது மகளுக்கு அது எட்டாது. 105 என்றாள், 115-க்கு ஒத்துக்கொண்டோம். இப்போது நான் முக்காலியில் உட்கார்ந்து ஓட்டுகிறேன், அவள் நின்றுகொண்டு ஈர்க்குச்சியோடு பாயின்ட் பக்கம்.